சுக்கினியும் பட்டர்நட்டும்: எப்போது பறிப்பது, எப்படிச் சமைப்பது

ஸ்குவாஷ் எனப்படும் பூசணிக் குடும்பக் காய்களை வீட்டில் வளர்ப்பதில் பெரிய லாபம், எந்தப் பருவத்தில் பறிப்பது என்பது நம் கையில் இருப்பதுதான். வெள்ளரி போல நீண்ட சுக்கினியைப் பிஞ்சாகப் பறிக்க வேண்டும், அடி பெருத்த பட்டர்நட்டை நன்றாக முற்றவிட வேண்டும். இது மாறிப்போனால் அப்புறம் எவ்வளவு மசாலா போட்டாலும் ருசி வராது.

விதையை 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் போதும். மண் சூடாக இருக்க வேண்டும். ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் விதை முளைக்காமல் அழுகிவிடும். புதராக வளரும் சுக்கினிக்குச் செடிக்குச் செடி 90 செ.மீ. விடுங்கள். கொடியாக ஓடும் பட்டர்நட்டுக்கு ஒன்றரை மீட்டராவது வேண்டும். மட்கிய தொழுவுரம் தாராளமாகப் போடலாம். தண்ணீரை வேரில் மட்டும் விடுங்கள்.

முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, நுனியிலிருந்து சுருங்கி விழுந்தால் பெரும்பாலும் மகரந்தம் போதவில்லை என்று அர்த்தம். பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். அதனால் காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுத்தண்டில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடி முழுக்கத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும். காய் ஓரளவு பெருத்த பிறகு நுனி கறுத்து அழுகுவது வேறு கோளாறு. மண் காய்வதும் நனைவதுமாக இருந்தால் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராது. வைக்கோல், சருகு கொண்டு மூடாக்குப் போட்டு ஈரத்தைச் சீராக வைத்தால் அடுத்தடுத்த காய்கள் தப்பிக்கும்.

சுக்கினி 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் பறிக்க வேண்டியது. முற்றிய காயைச் செடியில் விட்டால் புதுக் காய் பிடிப்பது குறைந்துவிடும். சுக்கினி கிட்டத்தட்ட முழுக்கவே தண்ணீர்தான். வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, 20 நிமிடம் வைத்து, துணியால் ஒற்றி எடுத்து, அகலமான வாணலியில் பெருந்தீயில் வதக்குங்கள். வாணலியை நிரப்பினால் வதங்காது, வெந்து குழைந்துவிடும்.

பட்டர்நட்டின் தோல் ஒரே பழுப்பு நிறமாகி, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் கெட்டியானதும் 3 செ.மீ. காம்போடு வெட்டுங்கள். காம்பு ஒடிந்த காயை முதலில் சமைத்துவிடுவது நல்லது, அது வைத்தால் கெடும். மற்றவற்றைக் காற்றோட்டமான, வெதுவெதுப்பான இடத்தில் 10 நாள் உலர்த்துங்கள். அதன்பின் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பும் ஏறும். துண்டு போட்டு, எண்ணெய் தடவி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் ஓரம் சிவக்கும் வரை சுட்டு மசித்தால் சூப்புக்கு வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

வெந்ததும் சதை நூடுல்ஸ் போல இழை இழையாகப் பிரியும் ஸ்பகெட்டி ஸ்குவாஷைப் பலரும் நீளவாக்கில் பிளக்கிறார்கள். உள்ளே நார்கள் காயைச் சுற்றி வளையமாக ஓடுவதால் குறுக்கே வெட்டினால்தான் இழை நீளமாகக் கிடைக்கும்.

விதை எடுத்து வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுக்கினி, ஸ்பகெட்டி ஸ்குவாஷ், பல அலங்காரப் பூசணிகள் எல்லாம் ஒரே இனம் என்பதால் கலந்துவிடும். இந்த ஆண்டுக் காய் மாறாது; அதன் விதையில் வரும் செடி கசப்புக் காய் தரலாம். சமைக்கும் முன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசப்பைத் தரும் நச்சு வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.