ஸ்வீடன் சமூக ஜனநாயகக் கட்சி: பரீட்சைக்கு நான் படித்த விதம்

முதுகலையில் ஒப்பீட்டு அரசியல் தாளை முதல் முறை எழுதியபோது, இந்தக் கட்சியின் வரலாற்றைப் பிரதமர்களின் வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். பிராண்டிங், ஹான்சன், எர்லாண்டர், பால்மே. 1889ல் கட்சி தொடங்கியது, 1920ல் முதல் ஆட்சி, 1932 முதல் 1976 வரை நடுவில் ஒரு கோடைக்காலம் தவிர தொடர்ந்து அதிகாரம். ஆண்டுகள் எல்லாம் சரி. ஆனால் கேள்வி கேட்டது, இது எப்படிச் சாத்தியமானது என்று. அதற்கு என் விடையில் ஒரு வரிகூட இல்லை.

மறுபடி படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் ஆண்ட கட்சி பாதிக்கு மேல் வாக்கு வாங்கியது 1940, 1968 ஆகிய இரண்டு தேர்தல்களில் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் யாரோடோ பேசி முடித்துத்தான் காரியம் நடந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் 'யாரோடு பேசினார்கள், எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள்' என்று குறித்துக்கொண்டு போனேன். நீங்களும் அப்படிப் படியுங்கள்.

வாக்குரிமைக்குத் தாராளவாதிகளோடு கைகோத்தார்கள். 1921 தேர்தலில் பெண்கள் முதல்முறையாக வாக்களித்தார்கள். இதை இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

நேரம் ஒதுக்க வேண்டிய இடம் 1933. அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் 230 இடங்களில் 104 பெற்று பெர் அல்பின் ஹான்சன் பிரதமரானார். 1928லேயே நாட்டை 'மக்களின் இல்லம்' என்று வர்ணித்தவர் அவர். அங்கே செல்லப்பிள்ளையும் கிடையாது, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் கிடையாது என்றார். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு அரசுப் பணிகளில் சந்தைக் கூலி தர நினைத்தார். விவசாயிகள் கட்சிக்கு விளைபொருள் விலைக்குப் பாதுகாப்பு வேண்டும். விலை உயர்ந்தால் தொழிலாளி வீட்டில்தான் வெண்ணெய்க்குக் கூடுதல் செலவு. இருந்தும் ஒப்புக்கொண்டார்கள். ஸ்வீடன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'மாட்டு வியாபாரம்'. இந்த ஒரு பேரம் புரிந்தால் பாதி வரலாறு புரிந்துவிடும்.

அப்புறம் 1938. சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் தொழில் தகராறுகளைப் பேசித் தீர்ப்பதற்குத் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டன. இங்கே கட்சி நேரடியாகக் கையெழுத்திடவில்லை என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

1959ல் துணை ஓய்வூதியத் திட்டம், அதாவது அடிப்படை ஓய்வூதியத்துக்கு மேல் சம்பளத்தைப் பொறுத்துக் கிடைக்கும் ஓய்வூதியம், கீழவையில் 115க்கு 114 என்று நிறைவேறியது. தாராளவாதக் கட்சியின் துரே கோனிக்சன் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் கிடைத்த ஒரு வாக்கு வித்தியாசம் அது. இதை எழுதும்போது எனக்கே கை பரபரத்தது.

புகழ்ந்து மட்டும் எழுதாதீர்கள். 1934ல் இவர்கள் ஆட்சியில் வந்த கருத்தடை அறுவைச் சட்டத்தால் பலருக்கு விருப்பமின்றியே அந்த அறுவை நடந்தது. எனக்கு அந்தக் கட்சிமேல் மதிப்பு உண்டு. அதனாலேயே இதை விட மனம் வரவில்லை. 1970களில் கம்பெனிப் பங்குகளைத் தொழிலாளர் நிதிக்கு மாற்றும் யோசனை வந்தபோது முதலாளிகளோடு இருந்த இணக்கம் முறிந்ததையும் சேருங்கள்.

ஒப்பீடு கேட்டால் டென்மார்க்கை எடுங்கள். அங்கேயும் சமூக ஜனநாயகக் கட்சிக்கு விவசாயிகளின் கட்சியோடு இதேபோன்ற உடன்பாடு, 1933 ஜனவரி 30 அன்று, பிரதமர் ஸ்டவுனிங்கின் வீட்டில் முடிந்தது. அதே நாளில்தான் பெர்லினில் ஹிட்லர் சான்சலரானார். இரண்டாம் முறை எழுதியபோது என் விடையை இந்தத் தேதியில்தான் தொடங்கினேன்.