காத்திருக்கத் தெரியாத டாஸ்க்

மார்ச் 3

மோட்டார் போர்டில் இன்று ஃப்ரீஆர்டிஓஎஸ் ஏற்றினேன், ஒரே சிப்பில் பல வேலைகளை மாறி மாறி ஓட்டும் சிறிய இயங்குதளம் அது. மூன்று டாஸ்க், அதாவது தனித்தனி வேலைகள்: சென்சார் படிக்க ஒன்று, முன்னுரிமை 3 (எண் கூடினால் முன்னுரிமையும் கூடும்). திரைக்கு 2, பதிவு எழுத 1. சென்சார் மட்டும் ஓடுகிறது, திரை இருட்டு. இரண்டு மணி நேரம் வயரைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், சென்சார் டாஸ்க் புது அளவு வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று ஒரு லூப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எழுதிய எனக்கு அது காத்திருப்பது. அடுத்து எது ஓடலாம் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலருக்கோ அது மும்முரமாக வேலை செய்கிற டாஸ்க், அதுவும் இருப்பதிலேயே முன்னுரிமை கூடியது, அப்புறம் எப்படி மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும்?

மார்ச் 4

டாஸ்க்கின் நிலைகளில் ரெடி என்பதையும் பிளாக்டு என்பதையும் நான் இத்தனை நாள் ஒன்றாகவே நினைத்திருக்கிறேன். ரெடியில் இருக்கும் டாஸ்க்குக்குக் குறை ஒன்றுதான், அதை ஓட்ட வேண்டிய செயலி, அதாவது கோர், காலியாகவில்லை. பிளாக்டில் இருப்பது வேறு எதற்கோ காத்திருக்கிறது, நேரம் முடியவோ, க்யூ என்ற வரிசையில் தரவு வரவோ, செமஃபோர் என்ற அனுமதிச் சீட்டு கிடைக்கவோ. அதுவரை கோரை அது தொடுவதே இல்லை. அது கிடைத்தாலும் நேரே ஓடிவிடாது, முதலில் ரெடிக்கு வரும். சஸ்பென்டட் தனி வகை, யாராவது எழுப்பினால்தான் உண்டு.

லூப்பை எடுத்துவிட்டு, புது அளவு வந்ததும் சென்சார் தரும் சைகையான இன்டரப்ட்டில் செமஃபோர் கொடுக்க வைத்தேன். திரை வந்துவிட்டது!

மார்ச் 6

மோட்டார் வேகத்தைச் சரிசெய்ய நான்காவது டாஸ்க், முன்னுரிமை 4. 10 மில்லி நொடிக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு 100 தடவை ஓட வேண்டியது 83 தடவைதான் ஓடியது. கணக்கு 2 மில்லி நொடி எடுக்கிறது, சாதாரண டிலே அது முடிந்த பிறகுதான் 10 எண்ணத் தொடங்குகிறது. போன முறை எழ வேண்டிய நேரத்திலிருந்தே எண்ணும் டிலே அன்டில் போட்டேன், சரியாகிவிட்டது.

மார்ச் 11

ஐந்து நாளாகத் தொல்லை கொடுத்தது இதுதான். சில சமயம் சென்சார் அளவு 40 மில்லி நொடி தாமதமாக வருகிறது. சென்சாரும் பதிவு எழுதும் நினைவக சிப்பும் ஒரே ஐடூசி பஸ்ஸில், அதாவது சிப்புகள் பகிரும் ஒரே தரவு வழியில், இருப்பதால் அதற்கு ஒரு நேரத்தில் ஒரே டாஸ்க்குக்குக் கிடைக்கும் பைனரி செமஃபோரைப் பூட்டாக வைத்திருந்தேன். பதிவு டாஸ்க் பூட்டைப் பிடித்த நேரத்தில் சென்சார் விழித்துப் பூட்டுக்காகக் காத்திருக்கிறது, சரி, அது நியாயம். ஆனால் இடையில் திரை டாஸ்க் எழுந்து முழுத்திரையையும் வரையத் தொடங்கினால், முன்னுரிமை 1 உள்ள பதிவு டாஸ்க்கால் ஓடவும் முடியாது, பூட்டை விடவும் முடியாது. பூட்டோடு சம்பந்தமே இல்லாத திரைக்காக 3 காத்துக்கிடக்கிறது.

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும் இதே சிக்கலால்தான். வானிலைத் தரவு டாஸ்க் பூட்டோடு நிற்க, இடையில் வேறு டாஸ்க்குகள் ஓட, அதன் தரவு வழியைக் கவனிக்கும் பஸ் டாஸ்க் நேரத்துக்கு முடியவில்லை. பூட்டு வைத்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பதுதான் முன்னுரிமை மரபுரிமை. விண்கலத்தின் இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் அணைந்திருந்த அதைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். அவ்வளவு தூரத்தில் ஓடும் நிரலில் இதைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மார்ச் 12

செமஃபோரை எடுத்துவிட்டு, அதே மரபுரிமை உள்ள பூட்டான மியூடெக்ஸ் போட்டேன். சென்சார் காத்திருந்தால், பூட்டை விடும்வரை பதிவு டாஸ்க்கும் 3 ஆகிவிடுகிறது, திரையால் குறுக்கே வர முடியவில்லை. தாமதம் இப்போது 2 மில்லி நொடிக்குள், அது பதிவு எழுதவே ஆகும் நேரம். டீபக்கரில் பத்து முறை நிறுத்திப் பார்த்தேன், எட்டு முறை நான்கு டாஸ்க்கும் பிளாக்டு, ஓடிக்கொண்டிருந்தது, வேறு எதுவும் ஓடாதபோது ஓடும் ஐடில் டாஸ்க். அந்த நேரத்தில் கோரைத் தூங்க வைக்க ஐடில் டாஸ்க் அழைக்கும் நிரல்துண்டான ஐடில் ஹுக்கை நாளைக்கு எழுத வேண்டும்.