ஏற்காட்டுப் பையும் என் மங்கும்

இரண்டாவது பாப்பா பிறந்த பிறகு என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. மூக்குத் தண்டிலிருந்து கன்ன எலும்பு வரைக்கும், காப்பி சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு நிறம். எனக்கு சேலம் அம்மாப்பேட்டை. ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு வேலை. கடையில் நாள் முழுக்க எதிரில் கண்ணாடிதான். சேலை கட்டிப் பார்க்க வருகிறவர்களுக்காக வைத்த கண்ணாடியில் தினமும் என் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பாவுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, டிசம்பரில், குடும்பத்தோடு ஏற்காடு போனோம். இரண்டு ராத்திரி தங்கல். வீட்டில் முகம் கழுவவே நேரம் கிடைக்காத எனக்கு அந்த இரண்டு நாள் பெரிய விஷயம். புதிதாக எதையாவது போட்டுப் பார்க்கலாம் என்று, நாத்தனார் கொடுத்த ஒரு டோனர் பாட்டிலை, முகம் கழுவியதும் தடவுகிற தண்ணி மாதிரியானது, பையில் வைத்தேன். கிளைகோலிக் அமிலம் கலந்தது, கருமை போகும் என்று அவள் சொன்னாள். முன்னால் ஒரு நாளும் அதை நான் தொட்டதில்லை.

ராத்திரி பாப்பா தூங்கியதும் போட்டேன். லேசாகச் சுருக்கென்றது, அவ்வளவுதான். காலையில் முகம் பளபளவென்று இருந்தது. வெளியே பனிமூட்டம், ஏரியில் எதிர்க்கரை தெரியவில்லை. "வெயிலே இல்லையே" என்று சன்ஸ்கிரீன் போடாமல் படகில் ஏறினோம். பத்தரைக்கு மூட்டம் விலகியது. அப்புறம் பகோடா பாயின்ட், அங்கே பாறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம். குளிர்காற்று அடித்துக்கொண்டே இருந்ததால் முகம் காந்துவதுகூடத் தெரியவில்லை. சாயங்காலம் அத்தைதான் முதலில் பார்த்தார்கள்.

"ஏன் கண்ணு, மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது?"

"ஒண்ணும் இல்லைங்க அத்தை, குளிருக்கு" என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சேலம் திரும்பிய இரண்டு வாரத்தில் மங்கு முன்னைவிடக் கருத்து, நெற்றியிலும் ஒரு பட்டை விழுந்துவிட்டது. அழுதேன். வலி என்று எதுவும் இல்லை, ஆனால் என் முகம் என் கையை விட்டுப் போன மாதிரி இருந்தது.

தோல் டாக்டரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். கிளைகோலிக் மாதிரி அமிலங்கள் தோலின் மேல் அடுக்கை உரிக்கும். போட்ட பிறகு பல நாளைக்கு வெயில் அந்தத் தோலைச் சுலபமாகச் சுடும். அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற ஏற புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிர் என்பது காற்றின் சூடு குறைவதுதான், வெயிலின் கதிர் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மெல்லிய மேகத்தையும் மூட்டத்தையும் தாண்டிக் கதிரில் பெரும் பங்கு வந்துவிடும். "குளிர்ல உனக்கு வெயில் தெரியாதும்மா, உன் தோலுக்குத் தெரியும்" என்றார். அதை நான் மறக்கவே இல்லை.

இன்னொன்றும் சொன்னார், இது எனக்குப் புதிது. நம் மாதிரி மாநிறத் தோலில் மங்கைக் கருக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும்தான். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கிற டின்ட் சன்ஸ்கிரீன் தடுக்கும். அதோடு, பால் கொடுக்கிறேன் என்று சொன்னதால் அதற்குத் தகுந்தபடி அசெலாயிக் அமில க்ரீம் எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த வெள்ளையாக்கும் க்ரீமை எடுத்துக் கொடுக்கிறார்கள், அதைத் தொடாதே என்றும் சொன்னார். தோலை மெலிய வைத்துவிடும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். என் சித்தி மகள் ஒருத்தி அதில் மாட்டி இரண்டு வருடம் தவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

போன மே மாதம் மறுபடியும் ஏற்காடு. இந்த முறை பையைப் பத்து நாள் முன்னாலேயே யோசிக்க ஆரம்பித்தேன். டின்ட் சன்ஸ்கிரீன் வாங்கக் கடைக்குப் போனால், விற்கிற பெண் என் புறங்கையில் தடவிக் காட்டினாள். டியூப் லைட்டில் எல்லாமே பொருந்துகிற மாதிரிதான் தெரியும். நான் தாடையோரம் தடவிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் செல்போனில் பார்த்தேன். முதல் இரண்டு நிறமும் சாம்பல் பூசிய மாதிரி, மூன்றாவது சரியாக இருந்தது. டப்பாவில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா, வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற எஸ்பிஎஃப் 50, பிஏ எத்தனை பிளஸ், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் எல்லாம் படித்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முகத்தில் போடவில்லை. முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம். அலர்ஜி எல்லா நேரமும் உடனே வந்துவிடாது. இரண்டு மூன்று நாள் கழித்தும் அரிப்பாக எழலாம் என்பதால், ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவு செய்ய முடியாது. அப்புறம் மூன்று நாள் தாடையோரம். ஊரில் இருக்கும்போது ஏதாவது வந்தால் எதனால் வந்தது என்று தெரியும். வெளியூரில் தண்ணீர் வேறு, சோப்பு வேறு, தலையணை உறை வேறு, சாப்பாடு வேறு. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே யோசிக்கும், அந்த விடுதித் தண்ணீரில் கை வழுவழுப்பே போகவில்லை. இத்தனையும் மாறும்போது முகத்தில் ஒரு கொப்புளம் வந்தால் யாரைப் பிடிப்பது?

மலையில் முதல் நாள் காலை ஏழரைக்கே போட்டுக்கொண்டேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்கு இரண்டு கோடு, அதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு. இந்த அளவில் தினம் இரண்டு வேளை போட்டால் 50 கிராம் டியூப் ஒரு மாதம் தாண்டாது. செலவுதான். மூன்று மாதம் வருகிறது என்றால் போதுமான அளவு போடவில்லை என்று அர்த்தம். இன்னொரு விஷயம்: சேலத்தில் மூடின பாட்டிலை மலை மேலே திறந்தால் பீய்ச்சும். மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே இருக்கிற காற்று விரியும். பாதி தீர்ந்த டியூபை அமுக்கி, காற்றை வெளியேற்றிவிட்டு மூடி, பாலிதீன் கவரில் போட்டு வையுங்கள்.

சேர்வராயன் கோயில் மேட்டில் நிழல் தேடி அலைய வேண்டியிருந்தது. குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டு வெளியே வந்தால் வெட்டவெளி. பதினொரு மணிக்கு, பெரியவன் ஐஸ் கேட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, கைக்குட்டையால் வியர்வையை ஒற்றிவிட்டு மறுபடி போட்டேன். துப்பட்டா ஓரத்தில் பழுப்பு ஒட்டிவிட்டது. வெள்ளைத் துப்பட்டா போட்டுப் போகாதீர்கள்.

ஏரிப் பக்கத்துக் கடைகளில் யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல், ஆரஞ்சு என்று சின்னச் சின்ன எண்ணெய் பாட்டில்கள். "மூஞ்சிக்குத் தேய்ங்கக்கா, பளிச்சுனு ஆகும்" என்றார் ஒரு தம்பி. வாசனைக்கு ஒன்று வாங்கினேன், கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட. கலக்காத வாசனை எண்ணெய் முகத்துக்கு ஆகாது.

அப்படியானால் பயணத்தில் புதிதாக எதுவுமே வேண்டாமா? எனக்கு வேண்டும். தோலில் ஊறி உட்காருகிற எதையும் புதிதாகத் தொட மாட்டேன், ஆனால் நிறம் வேறு விஷயம். செங்கல் சிவப்பில் ஒரு லிப்ஸ்டிக் மூன்று மாதமாகப் பீரோவில் கிடந்தது. வீட்டில் ஒரு முறை போட்டுப் பார்த்து, உதடு ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டதோடு சரி. கறுத்த பிள்ளைக்குச் சிவப்பு எடுபடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, தெருவில் போட்டுக்கொண்டு நடக்க மனம் வரவில்லை. ஏற்காட்டில் என்னைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? லேடீஸ் சீட் என்கிற, கீழே சேலம் தெரிகிற இடத்துக்குப் போன சாயங்காலம் போட்டேன். வெயில் இறங்கி, கீழே சேலத்தில் விளக்கு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் துடைத்துவிடலாமா என்று கைக்குட்டையைத் தேடினேன்.

"இந்தக் கலரு உனக்கு நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "காலையில போடுறியே, அந்த க்ரீமு, வயசானவங்களும் போடலாமா?" என்று கேட்டார்கள்.

போடலாம் என்று சொல்லி, அந்த ராத்திரியே அவர்கள் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவிவிட்டேன். ஒரு வாரம் பார்க்க வேண்டும் என்றதும், "அத்தனை நாளா?" என்றார்கள், ஆனால் அதன் மேல் தண்ணீர் படாமல் கையைத் தூக்கிக்கொண்டே படுத்தார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்ததும் அனல் முகத்தில் அடித்தது. மங்கு போய்விடவில்லை, கன்னத்தில் இன்னும் இருக்கிறது. இந்த முறை கருக்கவில்லை. திங்கட்கிழமை செங்கல் சிவப்பைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.