ஒரு பெயர் மாற்றத்துக்கு மூன்று கந்தோர்

கொழும்பில் இருந்துகொண்டு மலைநாட்டுக் காணி விஷயம் பார்ப்பவர்கள் கவனிக்க: பிரதேச செயலகம் (அரசாங்க நிர்வாகக் கந்தோர்) வேறு, பிரதேச சபை (தேர்தலில் தெரிவாகும் உள்ளூராட்சி மன்றம்) வேறு. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என் முதல் பயணம் அதில்தான் வீணானது.

அப்பா போன பிறகு, நுவரெலியா மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பஜார்க் கடையின் சோலைவரிப் பதிவை (கட்டடத்துக்குச் சபை எடுக்கும் வருடாந்த வரி அது) அம்மா பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. உறுதி எழுதும் வேலை வெள்ளவத்தையிலேயே சிக்கலில்லாமல் முடிந்தது. நொத்தாரிசின் கிளார்க் ஒரு துண்டில் 'பிரதேச' என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். மிச்சத்தை நானே ஊகித்துக்கொண்டேன். விடியற்காலை புறக்கோட்டையில் பஸ் ஏறி, அவிசாவளை, கித்துல்கல என்று வளைந்து போய், செயலகத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் பைலைத் திறக்கவே இல்லை. "இது சபை வேலை அண்ணா. இறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம் என்றால் எங்களிடம் வரலாம்." சபைக்கு ஓடினேன். காசு கட்டும் ஜன்னலை மூடிவிட்டார்கள்.

இரண்டாவது தடவை சபைக்கே நேரே போனேன். அங்கே இருந்தவர் உறுதியில் முகவரியை மட்டும் பார்த்தார். எங்கள் பஜாருக்குப் பக்கத்துத் தோட்டத்தின் பெயர்தான். "இது தோட்டக் காணி. தோட்டத்துக்கு நாங்கள் சோலைவரி எடுப்பதில்லை." பைல் என் பக்கம் திரும்பி வந்தது. கடைக்கு முன்னால் தெருவிளக்கு போட்டது யார் என்று கேட்டேன். பதில் இல்லை.

அவர் வாயில் 'தோட்டக் காணி' என்ற சொல் ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க வழியில்லாமல் இருந்தது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) மக்கள் வாக்குப் போடுவார்கள், அவர்களின் பாதைக்குச் சபை கல் போடாது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். முப்பது வருஷப் பழக்கம், கந்தோர் மேசையை விட்டு இன்னும் போகவில்லை.

சரி, எங்கள் கடை பஜார்தான் என்று காட்ட என்ன இருக்கிறது? அம்மா அப்பாவின் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். மின்சார பில், லொத்தர் சீட்டு, அப்புறம் நாலாக மடித்த மஞ்சள் தாள் ஒன்று: கிராம சபைக்கு வரி கட்டிய பற்றுச்சீட்டு. பிரதேச சபைகளுக்கு முன்பிருந்த கிராம சபைகள் 1981இலேயே ஒழிந்துவிட்டன. ஆனால் சீட்டின் மூலையில் மதிப்பீட்டு இலக்கம் (வரிக்காகக் கட்டடத்துக்குக் கொடுக்கும் எண்) ஊதா மையில் தெளிவாக இருந்தது.

மூன்றாவது பயணத்தில் அதே மனிதர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இலக்கம் இருக்கிறது, ஆனால் பழைய பதிவேடு இங்கே இல்லையாம். 2018 உள்ளூராட்சித் தேர்தலோடு அந்த மாவட்டத்துப் பெரிய சபைகளைப் பிரித்தார்களே (அம்பகமுவ ஒன்றே மூன்றானது), எங்கள் பஜாரும் அந்தப் பிரிப்பில் புதுச் சபைக்கு வந்தது. புத்தகம் மட்டும் தாய்ச் சபையிலேயே தங்கிவிட்டது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். மறுபடியும் பஸ். அங்கே ஒரு வயதான உத்தியோகத்தர், தேநீரைக் கூடக் குடித்து முடிக்காமல், பத்து நிமிஷத்தில் பக்கத்தைக் கண்டுபிடித்துப் பிரதி எடுத்துத் தந்தார். அப்பாவின் பெயர், அதே இலக்கம்.

போகிறவர்கள் பழைய பற்றுச்சீட்டு எதையும் எறிந்துவிடாதீர்கள். பிரிந்த சபையென்றால், பதிவேடு எங்கே இருக்கிறது என்று போனில் கேட்ட பிறகே பஸ் ஏறுங்கள். ஜனவரி 31க்குள் முழு வருஷ வரியையும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. நானும் அம்மா பெயரில் அப்படியே கட்டினேன். கழிந்த காசு கித்துல்கலயில் ஒரு பிளேன்டீக்கும் ஒரு ரோல்ஸுக்கும் சரியாகப் போனது.