ஒரே மாஷில் இரண்டு பீர்: வடித்தால் போதாது, கலக்கவும் வேண்டும்

தேங்காய்ப் பாலில் முதல் பால், இரண்டாம் பால் எடுப்பது மாதிரிதான் பார்ட்டி-கைல் என்ற பீர் முறை. ஒரே மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), இரண்டு வடி. முதல் வடியைக் கடும் பீராகவும் இரண்டாவதை இலேசான பீராகவும் அப்படியே நொதிக்கவிடுவது பழைய வழக்கம். வீட்டில் அப்படிச் செய்தால் பெரும்பாலும் ஒன்று திகட்டும், மற்றது சப்பென்று இருக்கும். லண்டன் சிஸிக்கில் உள்ள ஃபுல்லர்ஸ் ஆலை லண்டன் பிரைட், இஎஸ்பி, கோல்டன் பிரைட் ஆகிய பீர்களை எடுத்த வழி வேறு. இரண்டு வடியையும் தனித்தனியே கொதிக்கவைத்து, பிறகு வெவ்வேறு விகிதத்தில் கலந்தார்கள். வீட்டுக்கும் அதுதான் சரி.

6.5 கிலோ மாரிஸ் ஆட்டர் மால்ட், அரை கிலோ கிரிஸ்டல் மால்ட் (நிறமும் இனிப்பும் தரும் வகை) எடுத்துக்கொள்ளுங்கள். 73 டிகிரி செல்சியஸில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் மாஷ், அதாவது மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கலவை, 66 டிகிரியில் வந்து நிற்கும். ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு கிலோ மால்ட் சுமார் ஒரு லிட்டரைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். கரையும் சர்க்கரை சுமார் 3 லிட்டர் கூட்டும். ஆகவே வடிவது 16 லிட்டர்தான், அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து) 1.086 அளவில் இருக்கும். குழாயை முழுக்கத் திறந்துவிடாதீர்கள். கெட்டியான வோர்ட் (வடிந்து வரும் இனிப்புச் சாறு) வேகமாக இறங்கினால் மால்ட் படுகை அமுங்கி அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரமாவது எடுத்து வடியுங்கள்.

வடிந்ததும் அதே மால்ட்டில் 82 டிகிரியில் 16 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கிளறி, இருபது நிமிடம் விட்டு மீண்டும் வடியுங்கள். இது 1.026 இருக்கும். இதற்கு மேல் மூன்றாம் வடிக்கு ஆசைப்பட வேண்டாம். அடர்த்தி 1.010க்குக் கீழே போனால் பிஎச் ஏறி, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்.

இரண்டையும் தனிப் பாத்திரங்களில் 13 லிட்டராகச் சுண்டும்வரை கொதிக்கவிடுங்கள். முதலாவது 1.106க்கும் இரண்டாவது 1.032க்கும் வரும். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவில்தான் பலர் ஏமாறுவது. அடர்த்தி கூடக் கூடக் கசப்பு இறங்குவது குறையும். கடும் வோர்ட்டில் கரைவது இலேசானதில் கரைவதில் ஏறக்குறைய பாதிதான். ஆல்ஃபா அமிலம் (கசப்பு தரும் பொருள்) 5 சதவீதம் உள்ள ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் என்றால் முதலாவதில் 90 கிராம், இரண்டாவதில் 20 கிராம், இரண்டுக்கும் ஒரு மணி நேரக் கொதி. கசப்பு முறையே சுமார் 50, 22 ஐபியூ (கசப்பின் அலகு).

இனிக் கணக்கு. அடர்த்தியின் கடைசி இலக்கங்களை லிட்டரால் பெருக்குங்கள்: 13 × 106 = 1378, 13 × 32 = 416. மொத்தம் 1794 புள்ளி. 1.060 அடர்த்தியில் 18 லிட்டர் வேண்டுமானால் 1080 புள்ளி தேவை. கடும் வோர்ட் 6.8 லிட்டர், இலேசானது 11.2 லிட்டர் கலந்தால் அது கிடைக்கும். மிச்சம் 6.2 லிட்டரும் 1.8 லிட்டரும் சேர்ந்து 1.089இல் 8 லிட்டர் ஆகும். கசப்பும் கூடவே கலந்து முறையே 33, 44 ஐபியூவில் நிற்கும். இரண்டுமே அந்தந்த வலிமைக்குப் பொருத்தமானவை.

இந்தக் கணக்கு முழுக்க அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்பியது. 20 டிகிரிக்கு அளவிட்ட கருவியைச் சூடான வோர்ட்டில் விட்டால் 15 புள்ளிக்கு மேல் குறைத்துக் காட்டும். ஆறவைத்துப் பாருங்கள். கலப்பதும் ஆறிய பிறகுதான்.

ஈஸ்ட்டை லிட்டர் கணக்கில் பிரிக்காதீர்கள். நாட்டிங்ஹாம் ஈஸ்ட் 11 கிராம் பொட்டலம் 18 லிட்டருக்கு ஒன்று, 8 லிட்டருக்கும் முழுசாக ஒன்று. கடும் வோர்ட்டில் ஈஸ்ட் குறைந்தால் பாதியில் நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும். போடும் முன் நன்றாக அலசிக் காற்றேற்றுங்கள். முதல் மூன்று நாள் 18 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். சூடு ஏறினால் கடும் பீரில் சாராய நெடி வரும், அது எளிதில் போகாது.

18 லிட்டர் தொகுதி 1.014 அளவில் முடிந்து 6 சதவீதத்தில் நிற்கும். 8 லிட்டர் தொகுதி 1.020, 9 சதவீதம். மூன்று நாள் தொடர்ந்து அளவு மாறாமல் இருந்தால்தான் பாட்டிலில் அடைக்கலாம், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கும். அடைக்கும்போது நுரைக்காக லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை 6 சதவீதப் பீருக்கு, 4 கிராம் 9 சதவீதப் பீருக்கு. முன்னது மூன்று வாரத்தில் குடிக்கத் தயார். பின்னதை ஆறு மாதம் வைக்க வேண்டும். அதற்குள் களைத்துப்போன ஈஸ்ட் நுரை எழுப்பத் திணறும் என்பதால், அடைக்கும்போதே புது ஈஸ்ட் ஒரு சிட்டிகை சேர்த்துவிடுங்கள்.