21-ஆம் அத்தியாயம்

"முதல் வரியிலேயே கோடரி வந்துடுதே சார், அப்போ சாவும் அங்கேயே தொடங்கிடுதுதானே?" என்று கேட்டார், தான் எழுதிய நாவலோடு என்னிடம் வந்திருந்தவர். 'சார்லட்ஸ் வெப்' நாவலின் முதல் வரியைத்தான் சொன்னார்; பன்றிக்குட்டியைக் கொல்ல அப்பா கோடரியோடு கிளம்பும் இடம் அது. "கோடரிதான் வருது, சாவு வரலை. பயம் வேற, இழப்பு வேற" என்றேன். அவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டார். நான் சொன்னது தவறில்லை. ஆனாலும் அவர் மூடிய விதம் மனதை விட்டுப் போகவில்லை.

பத்து வயதுப் பிள்ளைகளுக்கான நாவல், அவருடைய முதல் நாவல். தாத்தா இறந்த மறுநாள் காலையில் கதை தொடங்கும். முகம்கூடத் தெரியாத தாத்தாவுக்காகப் படிக்கிற எந்தப் பிள்ளை அழும்? நானே சொல்வதைவிட ஒரு நல்ல நாவலைப் பிரித்துப் பார்த்தால் அவருக்கே விளங்கும் என்று இ. பி. ஒயிட்டின் 'சார்லட்ஸ் வெப்' நாவலைக் கொடுத்தேன். அத்தியாயம் அத்தியாயமாக முதல் வரி, கடைசி வரி, யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எவ்வளவு பேச்சு, எவ்வளவு வர்ணனை என்று எழுதிவரச் சொன்னேன். எழுத வருகிற எல்லோருக்கும் நான் கொடுக்கும் வேலைதான்.

என்னைவிடக் கவனமாகச் செய்திருந்தார். மொத்தம் 22 அத்தியாயங்கள். சிலந்தி சார்லட் இறப்பது 21-இல். அதற்குள் ஒரு கோடைக்காலம் முழுக்க அவளோடு இருந்துவிடுகிறோம். பிறகும் ஓர் அத்தியாயம் மிச்சம் இருக்கிறது, அவளுடைய குஞ்சுகள் பொரிந்து வருவதற்கு. அட்டவணையில் விரலை வைத்து, "உங்க தாத்தாவும் இங்கதான் போகணும்" என்றேன். அப்போதுதான் கோடரியைப் பற்றிக் கேட்டார்.

மாற்றி எழுதினார். புத்தகம் வந்தது, நன்றாகவே வந்தது. தாத்தா போகும் பக்கத்தில் எனக்கே தொண்டை அடைத்தது.

ஆனால் பழைய வரைவில் ஒரு காட்சி உண்டு. யாரும் பார்க்காத நேரத்தில் பேரன் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வான். வீடு முழுக்க மங்கலாகத் தெரியும். இப்படித்தான் தாத்தாவுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வான். சாவு கடைசிக்குப் போனதும் அந்தக் காட்சிக்கு இடமில்லாமல் போயிற்று. நான் வெட்டவில்லை. அது காணாமல் போனதைக் கவனித்தேன், எதுவும் சொல்லவில்லை.

1911-இல் வந்த 'தி சீக்ரெட் கார்டன்' நாவலில் மேரியின் பெற்றோர் இருவரும் முதல் அத்தியாயத்திலேயே காலராவில் இறந்துவிடுகிறார்கள். மேரி அவர்களுக்காக அழுவதில்லை, நாமும் அழுவதில்லை. ஆளில்லாத வீட்டில் தனியாக நிற்கும் ஒரு சிறுமியை நமக்குக் காட்டத்தான் அந்தச் சாவு. இது அன்றும் எனக்குத் தெரியும், பலமுறை படித்த புத்தகம். அதைக் கொடுத்திருந்தால் அட்டவணை வேறு பதிலைச் சொல்லியிருக்கும். எனக்கு வேண்டிய பதில் இருந்த நாவலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, நாவலே சொல்கிறது என்று விரலை வைத்திருக்கிறேன்.

சரி, மேரியும் அந்தப் பேரனும் ஒன்றா? மேரிக்குப் பெற்றோர் மேல் ஒட்டுதலே இல்லை, பேரனுக்குத் தாத்தாதான் எல்லாம். அந்த வித்தியாசத்தைப் பார்த்தால் நான் சொன்னதுதான் சரி என்று படுகிறது. அப்புறம் கண்ணாடி நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்தத் தொடக்கம் பிள்ளைகளை அழவைக்க எழுதியதுதானா? அன்று அவரிடம் அதை நான் கேட்கவே இல்லை.