மூணு ஸ்டாப் தள்ளி வந்த வெளியூர்க்காரன்

மார்ச் 17, 2018 பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம், ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பாலின் இறுதிப் போட்டி. பெங்களூரின் சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே பாய்ந்து தலையால் ஒன்று போட்டுவிட்டார். அப்புறம் சென்னைக்குக் கார்னரில் இருந்து மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. பெங்களூர் இன்னொன்று போட்டும் 3-2. சென்னையின் எஃப்சி பெங்களூர் மண்ணிலேயே கோப்பையைத் தூக்கியது. அன்று நான் அங்கே இல்லை. மகளுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கோலுக்குக் கத்தக்கூட முடியவில்லை.

நான் எழுத வந்தது அதற்குச் சரியாக மூன்று மாதம் முந்தைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. டிசம்பர் 17, 2017. ஐஎஸ்எல்லில் பெங்களூரும் சென்னையும் முதல் முறையாக மோதிய நாள். அன்று நான் அங்கே இருந்தேன். என் மாமனாரும் இருந்தார், அதுதான் விஷயமே.

எனக்குச் சொந்த ஊர் சென்னை வியாசர்பாடி. எங்கள் பக்கத்தில் கிரிக்கெட் மட்டையோடு ஒரு பையன் நடந்தால் வெளி ஏரியாவோ என்று பார்ப்பார்கள். முல்லை நகர் மைதானத்தில் இடம் பிடிக்க விடிவதற்குள் போக வேண்டும். நான் அங்கே லெஃப்ட் பேக். பேக் என்றால், ஆள் பத்தாதபோது கூப்பிடுகிற பேக். கல்யாணமாகி 2013-ல் பெங்களூர் வந்துவிட்டேன். அடுத்த வருஷமே சென்னைக்கு ஒரு டீம், பிரேசில்காரர் எலானோ ஃப்ரீ கிக் அடிக்கிறார், பயிற்சியாளர் மடெராசியே இறங்கி ஆடுகிறார். எங்கள் வீட்டிலிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு ஒரு பஸ்தான். ஊரை விட்டுக் கிளம்பின பிறகு ஊரில் திருவிழா ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? 2015 வெள்ளத்தில் எங்கள் அரையிறுதியைப் புனேயில் வைத்தார்கள். அம்மா பக்கத்து வீட்டு மாடியில் இருந்தாள், போன் போகவில்லை. டீமுக்கும் ஊரில் இடமில்லை, அம்மாவுக்கும் வீட்டில் இடமில்லை. அந்த வருஷம் கோவாவில் போய்க் கோப்பை வாங்கினார்கள். நான் அல்சூர் வீட்டில் தனியாகக் குதித்தேன்.

அதுவரை குடும்பத்துக்குள் தகராறு இல்லை. பெங்களூரு எஃப்சி அப்போது ஐ-லீக் என்கிற வேறொரு தேசிய லீக்கில் இருந்தது. 2014, 2016 இரண்டு தடவை சாம்பியன், 2016-ல் ஆசியக் கிளப்புகள் ஆடும் ஏஎஃப்சி கப் இறுதிவரை போனார்கள். மச்சினன் நீலச் சட்டை, நானும் நீலச் சட்டை, தீபாவளிக்கு ஒரே மாதிரி எடுத்ததுபோல் இருக்கும். 2017-ல் அவர்களும் ஐஎஸ்எல்லுக்கு வந்தார்கள். சரி, முடிந்தது.

மாமனார் கௌதமபுரத்துக்காரர். தெரியாதவர்களுக்காக: அல்சூரில் தமிழர்கள் நிறைந்த பேட்டை அது. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசாவோடு பீலேவுக்கும் சிலை உண்டு. கையில் பந்தோடு நிற்கும் ஒரு பிரேசில்காரருக்குச் சிலை வைத்த தெரு எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாமா ஒரு பொதுத்துறை ஃபேக்டரியில் வேலை பார்த்து, அதன் இரண்டாவது டீமில் ஆடி, முட்டி தேய்ந்து ரிடையர் ஆனவர். பெண் பார்க்கப் போனபோது சம்பளம் கேட்பதற்கு முன்னால் "எந்த பொசிஷன்?" என்று கேட்டார். என் அப்பா "சீனியர் அசிஸ்டென்ட்" என்றார்.

அவருக்கு இந்தப் புதுக் கிளப்புகள் எதுவும் ஒட்டாது. அவருடைய ஸ்டேடியம் மெக்ராத் ரோடு ஃபுட்பால் ஸ்டேடியம்தான், கருடா மால் பக்கத்தில் இருப்பது. அவர் பேச்சில் மைசூர் மாநில டீம் 1967-லும் 68-லும் மாநிலங்களுக்கான சந்தோஷ் டிராபி வாங்கியது நேற்று நடந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர் என்பதைக் குறைந்தது மாதம் ஒரு தடவை சொல்வார். "அந்த வருஷம் பொறந்தவன் மாப்பிள்ளை நான்" என்பதையும் சேர்த்து.

அவரை எதற்குக் கூட்டிப் போனேன் என்றால், கூட வருவதாகச் சொன்ன ஆபீஸ் நண்பன் கடைசி நிமிடத்தில் கவிழ்த்துவிட்டான். டிக்கெட் வீணாகிறதே என்றேன். மாமா மங்கி குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டார். மாமி எவர்சில்வர் டப்பாவில் சுண்டல் கட்டிக் கொடுத்தார்.

மெட்ரோவில் 'ஹலசூரு' என்று அறிவிக்கும் நம் அல்சூரில் ஏறினால் டிரினிட்டி, எம்ஜி ரோடு, கப்பன் பார்க். மூணே ஸ்டாப். என் சென்னை ஜெர்சியை ஸ்வெட்டருக்குள் மறைத்திருந்தேன். வெஸ்ட் பிளாக் ஆட்கள், அதாவது பெங்களூரு எஃப்சியின் ரசிகர் பட்டாளம், பாட்டுப் பாடிக்கொண்டு கும்பல் கும்பலாகப் போகும்போது நமக்கு எதற்கு வம்பு. கேட்டில் சோதனை போட்ட காவலாளி ஸ்வெட்டரைத் தூக்கச் சொன்னான். உள்ளே நீலம் தெரிந்ததும் "வெஸ்ட் பிளாக்கா, அந்தப் பக்கம்" என்று கை காட்டினான்.

"இல்லைங்க, நான் சென்னை."

"அப்ப எதுக்கு சார் ப்ளூ போட்டுக்கிட்டு வர்றீங்க?" என்றான் சுத்தமான கிருஷ்ணகிரித் தமிழில். அவன் கேட்டதில் தப்பே இல்லை. இரண்டு டீமும் நீலம் என்றால் பாவம் அவன் என்ன செய்வான்.

ஆனால் டப்பாவை விடவில்லை. சில்லறைக் காசு, பேனா, பவர் பேங்க் எல்லாம் ஒரு தட்டில் கிடந்தது. எவர்சில்வர் டப்பாவுக்கு வழியே இல்லை என்றான். மாமா ஒன்றும் பேசவில்லை. வரிசையிலிருந்து விலகி, காம்பவுண்டு சுவரில் மூடியை மல்லாத்தி வைத்து, அதில் பாதியைக் கொட்டி என்னிடம் தள்ளினார். டப்பா அவர் கையில். கொத்துக்கடலை, பல்லு பல்லாகக் கீறிய தேங்காய், மாங்காய் கொஞ்சம் புளிப்பாகவே இருந்தது. நீலச் சட்டைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பையன் "தாத்தா, நமக்கு?" என்று தமிழிலேயே கேட்டான். கையில் ஒரு பிடி கொடுத்தார். அவன் வாயில் போட்டுக்கொண்டு கட்டைவிரலைக் காட்டிவிட்டு வெஸ்ட் பிளாக்குக்கு ஓடினான்.

"இதெல்லாம் சம்பங்கி ஏரி, தெரியுமா? எங்க அப்பா காலத்துல தண்ணி. ஏரிக்குள்ள உக்காந்துதான் மேட்ச் பாக்கப் போறோம்" என்றார். காலி டப்பாவைத் திரும்பக் காட்டியதும் உள்ளே விட்டான். சுண்டல்தான் ஆயுதம் போலிருக்கிறது.

வெளியூர் ரசிகர்களுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி இருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் இருப்போம். பாதிப் பேர் காலை பிருந்தாவனில் வந்து இறங்கி, ராத்திரி மெயிலைப் பிடிக்க வேண்டியவர்கள். தொண்டை ஏற்கெனவே கட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த பையன், "அண்ணா நீங்க எந்த ட்ரெயின்ல வந்தீங்க?" என்றான்.

"மெட்ரோல."

"சென்னைல இருந்து?"

"அல்சூர்ல இருந்து. மூணு ஸ்டாப்."

உளவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மாமாவின் குல்லாவையும் பார்த்தான். பிறகு கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தான்.

அவன் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. நான்கு வருஷமாக இந்த ஊர்த் தண்ணி குடிக்கிறேன். ஆட்டோக்காரரிடம் கன்னடம், கடையில் தமிழ். ஊருக்குப் போனால் "பெங்களூர்க்காரன் வந்துட்டான்" என்கிறார்கள். இங்கே ரேஷன் கார்டு இல்லாத ஆள். கண்டீரவாவின் அந்த மூலையில்தான் முதல் தடவையாக எனக்கு அச்சடித்த டிக்கெட்டோடு ஒரு பட்டம் கிடைத்தது: வெளியூர்க்காரன். சொன்னால் சிரிப்பீர்கள், நிம்மதியாக இருந்தது. எதிர்ப்பக்கம் "நம்ம ஊரு" என்று ஒரு கூட்டம் இழுக்க, "பெங்களூரு" என்று இன்னொரு கூட்டம் முடித்தது. கன்னடத்திலும் நம்ம ஊரு நம்ம ஊருதான். முதல் பாதி என் வாயிலும் தானாக வந்துவிட்டது. இரண்டாம் பாதியை மென்று விழுங்கினேன்.

ஆட்டத்தைப் பற்றி. கண்டீரவாவில் ஃபுட்பால் பார்ப்பது மொட்டை மாடியில் நின்று அடுத்த தெரு கல்யாணத்தைப் பார்ப்பது மாதிரி. நடுவில் எட்டுத் தடம் ஓடுபாதை. "மெக்ராத் ரோட்ல விங்கர் மூச்சு வாங்கறது கேக்கும். இங்க பேர் கூடத் தெரியல" என்று மாமா முதல் நிமிடத்திலேயே ஆரம்பித்துவிட்டார். எங்கள் நேரு ஸ்டேடியத்திலும் இதே கதைதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ஐந்தாவது நிமிடத்தில் எங்கள் ஜெஜே போட்டார். மூலை மொத்தமும் எழுந்தது, எனக்கு ஸ்வெட்டரைக் கழற்ற நேரமில்லை. அதற்கப்புறம் எண்பது நிமிடம் ஒரே உயிர்வலி. அவர்கள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் மணி பார்த்துக்கொண்டே இருந்தோம். வர்ணிக்க ஒன்றும் இல்லை.

85-வது நிமிடம், சேத்ரி. ஸ்டேடியம் முழுக்க இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். எங்கள் மூலையில் மட்டும் எழவு வீட்டு அமைதி. அந்த அமைதிக்கு நடுவில் மங்கி குல்லா போட்ட ஒருவர் மட்டும் எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, உக்காருங்க."

"நல்ல கோலுக்கு கை தட்டாம என்ன மாப்பிள்ளை."

நாற்பது தலைகள் திரும்பின. பிருந்தாவன் பையன் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேனா இல்லையா என்று இருந்தது. தரைக்குள் போய்விடலாமா என்று தோன்றியது. அடியில் ஏரி வேறு.

மூன்றே நிமிடம். 88. தூரத்து கோலுக்கு முன்னால் ஒரே கூட்டம், வலை ஆடியது. எங்கள் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். யார் அடித்தது என்று அந்தத் தூரத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஜெஜே என்றான் ஒருவன், இல்லை என்றான் இன்னொருவன். அப்போது போன் அதிர்ந்தது. வியாசர்பாடி நண்பன், டிவி முன்னால் இருப்பவன். அந்த இரைச்சலில் "கணேசு! கணேசு!" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. பிள்ளையாரைக் கும்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். "டேய் நம்ம கணேசுடா! நம்ம ஏரியாடா!" என்று அவன் அழாத குறையாகக் கத்தின பிறகுதான் உறைத்தது. தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். கண்டீரவாவில் வந்து, கடைசி நேரத்தில், ஜெயிக்கிற கோல்.

நான் பிருந்தாவன் பையனைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் எழும்பூராம். "அண்ணா நீங்க வியாசர்பாடியா? முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றான். மாமா மட்டும் எழவில்லை. குல்லாவைச் சரிசெய்துகொண்டு, "யாரு அடிச்சது?" என்றார். சொன்னேன். "உங்க தெருவா?" ரெண்டு தெரு தள்ளி என்றேன். கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தபடியே, சத்தம் வராமல், நாலு தடவை கை தட்டினார்.

2-1. உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை எங்களை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. மெயில் பிடிக்க வேண்டியவர்கள் மணியைப் பார்த்துப் பதறினார்கள். நாங்கள் இருவரும் நிதானமாக கப்பன் பார்க் ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழி நெடுக மாமா பெங்களூர் டிஃபென்ஸ் கடைசி ஐந்து நிமிடம் எங்கே தூங்கியது என்பதைக் கையால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டு வந்தார். மச்சினனிடமிருந்து போனே இல்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமி கேட்டார், "யாருங்க ஜெயிச்சது?"

"வியாசர்பாடி" என்றார் மாமா.

மாமிக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதோட மூடி எங்க?" என்றார்.